ஒன்பதாம் நாள் விருந்து

"மார்ச் 4, செவ்வாய். வெயில். முதல் வகுப்பு, மாலை 5.30 முதல் 7.30 வரை. மச்சாளும் துணைக்கு வந்தாள்."

சென்ற வருடத்து நாட்குறிப்பில் அன்றைக்கு நான் எழுதியது இவ்வளவுதான். "துணைக்கு" என்ற சொல்லின் கீழே பச்சைப் பேனாவால் ஒரு கோடு இருக்கிறது. கோடு போட்ட நாளை நான் குறிக்கவில்லை. ஒக்ரோபருக்கு முந்தியது அல்ல என்பது மட்டும் நிச்சயம். அந்தப் பேனாவை ஒக்ரோபரில்தான் வாங்கினேன்.

மச்சாள் என் கணவரின் தங்கை. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட மூன்று வயது இளையவள். பிளாக்டவுனில் வீடு, அங்கேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நான் செவன் ஹில்ஸில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இருப்புப் பதிவு பார்க்கிறேன். எந்தப் பெட்டி எப்போது வந்தது, எப்போது காலாவதியாகும் என்று எழுதுவது பதினெட்டு வருடமாக என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. எங்கள் தெருவில் எந்த மரத்தை மாநகரசபை எந்த நாளில் வெட்டியது என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

கிரேக்க, இலத்தீன் செவ்வியல் முதுகலைக்கு ஐம்பத்தாறு வயதில் விண்ணப்பிக்க ஆசைப்பட்டவள் நான். இருபது வருடமாக நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்புகளைக் கொண்டுவந்து வாசித்து, ரோமர்களின் பண்டிகைகளை மாதவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தவளும் நான். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், மொழியை அடியிலிருந்தே சொல்லித் தருவோம் என்ற அறிவித்தலைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் கண்டுபிடித்ததும் நான்தான். இருட்டியபின் தனியே ரயிலில் திரும்பிவர மனமில்லாமல் மச்சாளைக் கேட்டேன். அவளிடமும் ஒரு விஞ்ஞானப் பட்டம் சும்மா கிடந்தது.

"என்ன பாடம் மச்சாள்?" என்று கேட்டாள்.

"இலத்தீன். பிறகு கிரேக்கம்."

"அதுகளை இப்ப ஆர் கதைக்கினம்?"

"பழைய இலத்தீனை ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"அப்ப நல்லது. பிழை விட்டாலும் சிரிக்க ஆள் இல்லை. வாறன்."

என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "செத்த பாஷையைப் படிச்சு ரெண்டு பேரும் ஆரோட சண்டை பிடிக்கப் போறியள்?" என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் பிளாக்டவுனில் ஏறி, கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டியில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் அடுத்த நிலையத்தில் ஏறுவேன். மடியில் நான் சொல் எழுதிய அட்டைகள் நிறைந்த பெட்டி இருக்கும். ஒரு பக்கம் இலத்தீன் சொல், மறுபக்கம் பொருள், மூலையில் நான் அதை முதன்முதலாகப் படித்த திகதி. மே மாதத்துக்குள் நானூறு அட்டை சேர்ந்துவிட்டது. மச்சாளிடம் அட்டை இல்லை. காப்பகத்தில் மத்தியானம் குழந்தைகளின் முதுகில் தட்டித் தூங்க வைக்கும்போது, பெயர்ச்சொல் அட்டவணைகளைத் தாலாட்டாகப் பாடி மனப்பாடம் செய்துவிடுவாள். ஒரு தாய் வந்து, தன் மகன் வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்டு அழுகிறான், எந்த நாட்டுப் பாட்டு அது என்று கேட்டாளாம். மச்சாள் அதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். விரிவுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் அட்டைகளைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் தேர்வில் அவளுக்கு என்னைவிடப் பதினொரு புள்ளி கூட. இரண்டாவதில் பதினான்கு. பொறாமை என்று எழுதக் கை கூசியது. அதனால் நாட்குறிப்பில் "தலையிடி" என்று எழுதினேன். எண்ணிப் பார்த்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரை எனக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமைகளில் தலையிடி வந்திருக்கிறது. ஒன்றுக்கும் மாத்திரை எடுத்ததாகப் பதிவு இல்லை.

வீட்டில் ஆறுதல் கிடைக்காது. அவள் அவருடைய தங்கை.

"அவள் சின்னனிலேயே அப்பிடித்தான். புத்தகம் திறக்காமலே பாஸ் பண்ணுவாள்" என்று புட்டைப் பிசைந்தபடி சொல்வார்.

"நான் திறந்து பாஸ் பண்ணினனான். அது குற்றமோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"சொல்லேல்லை. புட்டைச் சாப்பிடுங்கோ."

ஓகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, விரிவுரையாளர் எங்கள் ஒன்பது பேரையும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பின்னறைக்குக் கூட்டிப்போனார். சைக்கிளில் வேலைக்கு வருகிற பெண்மணி அவர். கால்சட்டையின் வலது காலை மடித்துக் கட்டிய நாடாவை நாள் முழுக்க அவிழ்க்க மறந்துவிடுவார். பஞ்சு விரித்த தட்டில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பலகை இருந்தது. பள்ளிக் கொப்பி அளவுதான் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்கலாம் என்றார். எழுத்துகளின் பள்ளத்தில் சிவப்பு நிறம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஒரு தாய் தன் மகளுக்கு வைத்த கல் அது. வருடம் இல்லை. மகளின் பெயர் பாதி உடைந்துபோயிற்று. அடக்கம் செய்த நாள் மட்டும் முழுதாக இருந்தது. அதன் கீழே, ஒன்பதாம் நாள் விருந்தை இதே இடத்தில் கொடுத்ததாக ஒரு வரி. ரோமர்கள் அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் கல்லறையில் விருந்து வைத்துத் துக்கத்தை முடித்துக்கொள்வார்கள்.

அடுத்த வருடம் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்து ஆய்வேடு எழுத வேண்டும். இந்தக் கல்லை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும் என்று விரிவுரையாளர் சொன்னார். விரும்புகிறவர்கள் செப்டெம்பர் 12க்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லை வாசித்து, அதிலுள்ள நாட்களை இன்றைய நாட்காட்டியில் சொல்லி, அதிலிருந்து எழும் ஒரு கேள்வியையும் எழுத வேண்டும்.

நாட்களை என்றார். அறையில் ஒன்பது பேர் இருந்தாலும் அதை அவர் எனக்காகவே சொன்னதாகத் தோன்றியது. பாட்டுப் பாடி இதை எடுக்க முடியாது என்று நினைத்தேன். திரும்பி வரும் ரயிலில் மச்சாள், "பாவம் என்ன, அந்தத் தாய்" என்றாள். எனக்கு அந்தக் கல் வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைவு இல்லை.

ரோமர் திகதியை எப்படிப் படிப்பது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்கள் மாதத்தில் மூன்று நாட்களைத் தூண்போல நட்டுவைத்து, அடுத்த தூணுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பின்னோக்கி எண்ணுவார்கள். எண்ணும்போது இரண்டு நுனிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். மே மாதத்தில் ஒரு தூண் ஏழாம் திகதி. கல்லில் இருந்தது அதற்கு மூன்றாம் நாள். ஏழு, ஆறு, ஐந்து. ஆகவே அடக்கம் மே 5. இதற்குப் புத்தகத்தில் சூத்திரம் உண்டு. இரண்டாம் வாரத்திலேயே எனக்கு அது மனப்பாடம்.

ஒன்பதாம் நாளுக்குப் புத்தகத்தில் சூத்திரம் இல்லை. அது வெறும் எண்ணாகத் தெரிந்தது. என் கை பதினெட்டு வருடமாகச் செய்வதைச் செய்தது. ஐந்தாம் திகதி வந்த பெட்டிக்கு ஒன்பது நாள் ஆயுள் என்றால் பதினான்காம் திகதி. மூன்று தடவை சரிபார்த்தேன். மூன்று தடவையும் மே 14. வகுப்புக் கொப்பியில் அதைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டேன். என் பண்டிகைக் கொப்பியை எடுத்து அந்த நாளைப் பார்த்தேன். அதில் நான் விருந்தோடு சேர்க்கக்கூடிய எதுவும் இல்லை. ஆகவே என் கேள்வியை வேறு திசையில் அமைத்தேன். இவ்வளவு சிறிய கல்லில் விருந்துக்கு ஒரு முழு வரியைச் செலவழித்தது ஏன் என்று நன்றாகத்தான் எழுதினேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய். ரயில் லிட்கம் நிலையத்தைத் தாண்டியதும் மச்சாள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மச்சாள், இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே திகதியெல்லாம் அத்துப்படி. அடக்கம் அஞ்சு. விருந்து பதின்மூண்டு. சரியோ?"

தாளைப் பார்த்தேன். எழுத்துப் பிழைகள் இருந்தன. மூன்றாம் வரியில் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்திருந்தாள். அதைச் சொன்னேன், அவள் உடனே திருத்திக்கொண்டாள். அதற்குக் கீழே மே 13 என்று இருந்தது. ஒரு நாள் பிழை. அந்தப் பிழையைக் கண்ட சந்தோஷத்தை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் பிழை, நான் சரி.

"வடிவா இருக்கு" என்றேன்.

அவள் தாளை மடித்து உள்ளே வைத்தாள். நாங்கள் ரெட்ஃபேர்னில் இறங்கும்வரை அவள் தன் காப்பகத்துக்குப் புதிதாக வந்த குழந்தை ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அது ஒன்றும் நினைவில்லை. அன்றைய நாட்குறிப்பு இது: "லிட்கம் தாண்டியதும் மச்சாள் தன் தாளைக் காட்டினாள். பார்த்தேன்." பார்த்தேன் என்பதில் பொய் இல்லை. எழுதும்போது எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒக்ரோபர் 7, செவ்வாய். விரிவுரையாளர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதில், வாசிப்பு மிகக் கவனமானது, ஆனால் ஒரு நாள் கூடிவிட்டது என்று எழுதியிருந்தார். ஒரு நாள் என்ற சொற்களை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. தலை நிமிர்ந்தபோது அவர் மச்சாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். திகதி கொடுத்த ஆறு பேரில் ஐந்து பேர் பதினான்கு என்று எழுதியிருக்க, அவள் மட்டும் எப்படிப் பதின்மூன்றுக்கு வந்தாள்?

மச்சாள் தன் காப்பக ஆங்கிலத்தில், குழந்தைகளுக்குக் கதை சொல்வதுபோலச் சொன்னாள். இதில் கணக்கு ஒன்றும் இல்லையாம். எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் சமைத்துப் படைப்போம், முப்பத்தோராம் நாள் துக்கம் முடிப்போம். செத்த நாளே முதலாம் நாள். முந்தின வருடம் தன் தகப்பனுக்கு அப்படித்தான் விரலில் எண்ணினாளாம். அந்தத் தாயும் வேறெப்படி எண்ணியிருப்பாள்?

விரிவுரையாளர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். எட்டாம் நாள் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். மச்சாள் சொன்னாள். முப்பத்தோராம் நாள் யார் யார் வருவார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அவள் தகப்பன் எனக்கு மாமா. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு மீன் பொரித்தவள் நான். முப்பத்தோராம் நாளுக்கு அழைப்பு அட்டை அடித்ததும் நான், திகதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மூன்று தடவை சரிபார்த்து. ஆனால் அந்தத் திகதியை நான் எண்ணவில்லை. மச்சாள் தொலைபேசியில் சொன்னாள், நான் அடித்தேன்.

அதோடு முடியவில்லை. மச்சாள் தன் தாளின் கடைசியில், பதின்மூன்றாம் திகதி வேறென்ன நாள் என்று தெரியவில்லை, அதை அறிய ஆசை என்று எழுதியிருந்தாள். அதுதான் இந்தக் கல்லின் கேள்வி என்றார் விரிவுரையாளர். மே 9, 11, 13 ஆகிய நாட்களில் ரோமர்கள் வீட்டில் அலையும் ஆவிகளுக்குக் கறுப்பு அவரையை எறிந்து வெளியே போகச் சொல்வார்கள். அந்த மூன்றாவது நாளில் இந்தத் தாயின் ஒன்பதாம் நாள் விருந்து விழுந்திருக்கிறது. தள்ளிப் போடாமல் அன்றே கொடுத்து, அதைக் கல்லிலும் எழுதியிருக்கிறாள். ஏன்?

என் பண்டிகைக் கொப்பியில் மே மாதத்துக்கு இரண்டு பக்கம். 9, 11, 13 மூன்றும் அங்கே இருக்கின்றன, கறுப்பு அவரையோடு. அதை நான் எழுதிப் பதினாறு வருடம். பதின்மூன்றைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனதால் எனக்கு அது கிடைக்கவில்லை.

கல் மச்சாளுக்குப் போயிற்று. "ரெண்டு பேரும் சேந்து செய்யலாமோ?" என்று அவள் என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, விரிவுரையாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். ஆய்வேடு தனித்தனி என்றார் அவர். எனக்கு ஒரு மண் விளக்குக் கிடைத்தது. மூக்கு உடைந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. காலம், ஏறக்குறைய முந்நூறு வருட வித்தியாசத்துக்குள் எங்கேயோ.

ஒக்ரோபர் 11, சனிக்கிழமை, மச்சாள் மட்டன் ரோல்ஸ் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் குசினி வாசலில் நின்றபடியே இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தீரோ, நான் சொன்னனான்தானே?" என்று என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"இவள் கெட்டிக்காரி எண்டு."

"சும்மா இருங்கோ அண்ணா" என்றாள் மச்சாள். "மச்சாள் இல்லாட்டி நான் ஏன் அங்க போறன்? அந்தத் தாளையும் குடுக்க முந்தி மச்சாளுக்குத்தான் காட்டினனான்."

"அப்ப இவ சரி எண்டு சொன்னவவோ?"

மச்சாள் ரோல்ஸ் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "வடிவா இருக்கு எண்டு சொன்னவ. சரி எண்டு சொல்லேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ரோல்ஸில் மிளகு கூட என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மிளகு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரயிலில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பரமட்டா வரும்வரை வேறு எதையெதையோ கதைத்தேன். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "நான் பதினாலு எண்டுதான் நினைச்சனான்" என்றேன்.

"ஓம், பாத்தனான்" என்றாள் மச்சாள்.

எப்போது பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. தாள்களைத் திருப்பித் தந்த அன்று என் தாள் மேசையில் எல்லோர் கண்ணுக்கும் படத்தான் கிடந்தது. அன்றைக்குப் பார்த்திருந்தால் அதில் அதிசயம் இல்லை. அவள் தன் கைப்பையைத் திறந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து எனக்குப் பாதி தந்தாள். இனிப்பாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடமும் நாங்கள் ஒன்றாகத்தான் போகிறோம். அவள் கல்லைப் பற்றிக் கதைப்பாள். நான் கேட்பேன். கடந்த மாதம் அவளுக்குக் கல்லின் ஓர் எழுத்தில் சந்தேகம் வந்து என்னிடம் காட்டினாள். எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து "தலையிடி" என்று எழுதினேன். அவளுக்குப் பதில் நான் அந்தக் கல்லோடு இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் குறையவில்லை. என் பிழையால்தான் போயிற்று என்பது தெரிந்தும் குறையவில்லை.

இதை எழுதுவதற்காகப் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தும்போது, வேலைக்கு வைத்திருக்கும் தனிக் குறிப்பேட்டையும் எடுத்தேன். அதில் செப்டெம்பர் 9க்கு ஒரு வரி: "குளிர் அறை எச்சரிக்கை. மேற்பார்வையாளர் அழைத்தார். 4.21 முதல் 4.27 வரை பேசினேன்." எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. அந்த நேரத்தில் நான் ரயிலில் இருந்திருக்கிறேன். லிட்கமுக்கு அப்போது இன்னும் சில நிமிடம். பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது நான் தொலைபேசியில் பேசுவதில்லை. எழுந்து கதவடிக்குப் போவேன். ஆகவே ஆறு நிமிடம் மச்சாள் எங்கள் இருக்கையில் தனியே இருந்திருக்கிறாள். அதன் பிறகுதான் தாளை எடுத்துச் சரியோ என்று கேட்டிருக்கிறாள்.

என் வகுப்புக் கொப்பி அன்று என்னிடம் இருந்தது. அதுவும் நிச்சயம், ஏனென்றால் அன்றைய வகுப்புக் குறிப்பு சிவப்பு வட்டம் போட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. எழுந்து போகும்போது கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேனா, இருக்கையில் திறந்தபடி விட்டுப் போனேனா என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. சிவப்பு வட்டத்துக்குள் பதினான்கைப் பார்த்த பிறகுதான் அவள் என்னிடம் பதின்மூன்றைக் காட்டினாளா என்பதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். நான் அவளிடம் கேட்கவில்லை. அது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.